கிடந்த எஞ்சினும் டீசல் பம்மும்

போரினாலும் 2004 ஆழிப்பேரலையினாலும் இடம்பெயர்ந்து, வினாயகபுரம் பக்கத்து வயல்களுக்குத் திரும்பிய சில குடும்பங்களுக்கு மிஞ்சிய முதல் ஒரு இருசில்லு உழவு இயந்திரம்தான். மாதக்கணக்கில் கிடந்ததைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் முடிஞ்சுது" என்று பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தவர்களையும் கண்டோம். அவற்றில் சிலவற்றில் கெட்டிருந்தது எஞ்சின் அல்ல, அதன் பக்கத்திலுள்ள சிறிய டீசல் பம் மட்டுமே.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. பிஸ்டன் நெருக்கும் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். அவ்வேளை டீசலைப் புகைபோலத் தெளித்தால் தானே பற்றும். அப்படித் தெளிக்கச் சிறிய எஞ்சினுக்கே காற்றமுக்கத்தைப் போல் 100 முதல் 200 மடங்கு அமுக்கம் வேண்டும். ருடோல்ப் டீசல் 1897இல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எரிபொருளை ஊத அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்கான பாரமான கருவியோடு அது வயலுக்கு வந்திருக்க முடியாது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் செய்யத் தொடங்கிய பம்மே டீசலை லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் பரவச் செய்தது.

பம்மின் உள்ளே ஒரு குழல், அதனுள் ஏறியிறங்கும் ஒரு தண்டு. இரண்டுக்கும் இடைவெளி மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமயிர் அதைவிட இருபது மடங்கு தடிப்பு! சோடியாகவே தேய்த்துப் பொருத்துவதால் ஒன்றின் தண்டு மற்றதன் குழலுக்கு ஆகாது. தண்டின் மேனியில் சாய்வான வெட்டு ஒன்று உண்டு. தண்டைச் சற்றுத் திருப்பினால் அந்த வெட்டு குழலின் துவாரத்தை முந்தியோ பிந்தியோ சந்திக்கும். சந்தித்ததும் அமுக்கம் விழுந்து தெளிப்பு நிற்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது உள்ளே நடப்பது இதுதான்.

இந்தத் தண்டுக்கு டீசலேதான் மசகு. தண்ணீர் கலந்தால் துருவேறி இறுகும், மணல் கீறும், மண்ணெண்ணெய் கலந்தால் தேயும். அரைத்தாங்கியோடு விட்டால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். ஆகவே நிறுத்தும்போது தாங்கியை நிரப்பி வையுங்கள்.

கிடந்த எஞ்சினை இயக்குமுன் பழைய டீசலை வடித்துத் தாங்கியைக் கழுவுங்கள், பில்டரை மாற்றுங்கள். பிறகு காற்று நீக்கும் ஆணியைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை ஓடவிடுங்கள். உள்ளே காற்றிருந்தால் அது நசுங்குமேயன்றி அமுக்கம் ஏறாது. பம்மை மாத்திரம் மரத்தடியில் கழற்ற வேண்டாம்.

தெளிப்பு முனைக்கு நேரே கையை நீட்டவே கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோலத் தெரிந்தாலும், நோகாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிந்தினால் விரலையே எடுக்க நேரலாம்.

தண்டு இறுகியே இருந்தால் அந்தச் சோடியை மட்டும் மாற்றலாம். இரும்புக்காரரிடம் பேசுமுன் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள்.