நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவே
(தோட்டத்து ஓரம் – 11)

நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்த்தாங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது பாசோ காடு. 1980களின் நடுவில் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள குச்சி மரம் வரை ஒன்றுவிடாமல் எண் போட்டார்கள். 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் கணக்கில் ஏறின. இத்தனை மரமும் கூடிக் கவிந்தால் தரைக்கு என்ன மிஞ்சும்? உச்சியில் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அந்த இருட்டில் தழைக்கிற செடிகள் உண்டு. தாராளமாகப் பூப்பவை கொஞ்சம். ஓடைக்கரை, மரம் சாய்ந்து திறந்துபோன இடம், காட்டின் விளிம்பு என்று வெளிச்சம் எட்டிப் பார்க்கும் பக்கமே பூக்கும் செடிகள் ஒதுங்குகின்றன.

சந்தையில் இளஞ்சிவப்பு மொக்காக விற்கும் புங்கா கந்தான் அப்படி விளிம்பில் வாழப் பழகிய செடி. அசாம் லக்சா மேல் பொடியாக அரிந்து தூவும் அந்த மொக்கை அறியாத மலேசியர் இருக்க முடியாது. அதன் செடியைப் பார்த்தவர்கள், குறிப்பாக நகரத்துப் பிள்ளைகளில், குறைவு.

இஞ்சி, மஞ்சள், ஏலம் வகையறா. ஆனால் உயரத்தில் இஞ்சியையும் மஞ்சளையும் மிஞ்சிவிடும். இலைத்தண்டு நான்கைந்து மீட்டர் போகும். பூ அந்தத் தண்டின் நுனியில் வருவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து இலையே இல்லாத தனிக் காம்பு கிளம்பி, இடுப்பு உயரத்தில் ஈட்டிமுனை போன்ற மொக்கைத் தாங்கி நிற்கும். சமையலுக்கு வேண்டுமானால் அப்போதே வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் வெளி மடல்கள் மெழுகுப் பளபளப்போடு விரிந்து மடங்கும். பலரும் பூவிதழ் என்று நினைப்பது இந்த மடல்களைத்தான். உண்மையான பூக்கள் உள்ளே, ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட சின்னஞ்சிறு சிவப்பு நாக்குகளாக, கீழிருந்து மேலாக வட்டம் வட்டமாகத் திறக்கும். தேன்சிட்டு வந்து அலகை நுழைப்பது அதற்குள்தான்.

ராஃபிள்ஸுடன் சுமத்திராவுக்குப் போன ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ஜாக் 1822இல் இச்செடியை முதன்முதலாக விவரித்து அச்சேற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில், 27 வயதில், இறந்துபோனார். அவர் இஞ்சிக் குடும்பத்தின் வேறொரு பேரினத்தில் வைத்த செடி, பெயர் பல மாறி, இன்றைய அறிவியல் பெயருக்கு வந்து சேர்ந்தது 1986இல்.

நெகிரி செம்பிலானின் தோட்டங்களில், லயத்து வீட்டுப் பின்புறம் முடிந்து பால்மர நிரை தொடங்கும் இடம் இச்செடிக்கு எழுதி வைத்த மாதிரி பொருந்தும். காரணம் நிழலின் தரம். பால்மரம் வருடத்துக்கு ஒரு முறை, ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில், இலையை உதிர்த்துவிடும். மேலே வெளிச்சம் திறக்கும். கீழே சருகு மெத்தை விழும். பாசோவைச் சுற்றிய பகுதி மலைகளின் மழை மறைவில் கிடப்பது; ஆண்டு மழை 1,800 மில்லிமீட்டர் அளவில்தான். தீபகற்பத்தில் இது குறைச்சல். அந்த வட்டாரத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சருகு, உரத்தைவிடப் பெரிய உதவி. அதைப் பெருக்கிக் கூட்டி எரிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

செம்பனை கதை வேறு. முதிர்ந்த செம்பனை வருடம் முழுக்கக் கீற்றை விரித்தே நிற்கும். அதன் அடியில் வைத்த கந்தான் சாகாது. இலை இலையாகத் தள்ளும், காம்பு மட்டும் கிளம்பாது. "நிழல் செடிதானே" என்று மாமரத்தடி இருட்டில் நட்டவர்களுக்கும் இதே ஏமாற்றம். நேர்மாறாக, நாள் முழுக்க வெயில் அடிக்கும் வெட்டவெளியில் ஈரம் தவறினால் இலை ஓரம் கருகும். காற்று வேறு இலையைக் கிழித்து நாராக்கிவிடும்.

நடுவதில் வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று தண்டோடு கிழங்கை வெட்டி, தண்டை முழங்கால் அளவுக்குக் குறைத்து, ஆழம் போகாமல் புதைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். வடிகிற இடமாகப் பார்ப்பது நல்லது. ஒரு புதருக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி அதிகமில்லை, ஏனென்றால் கிழங்கு பக்கவாட்டில் நடந்து போகும், வேலியையும் மதிக்காது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் முதல் மொக்கு எதிர்பார்க்கலாம். காய்ந்த பழைய தண்டுகளை அடியோடு வெட்டி அங்கேயே போட்டால் அதுவே மூடாக்கு.

சிரம்பான், நீலாய் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்திலிருந்து வரிசை வீட்டுக்குக் குடிபோனவர்களுக்குப் பால்மர நிழல் கிடையாது. பின்பக்கம் பெரும்பாலும் சிமெண்டுத் தளம்தான். அங்கேயும் வழி இருக்கிறது. கிழக்குப் பார்த்த சுவரோரம் காலை வெயில் பட்டு, மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும். அடியில் துளையிட்ட பெரிய பீப்பாயில், மக்கிய இலை நிறையச் சேர்த்த மண்ணில் ஒரு கிழங்கு வைக்கலாம். தண்டு குட்டையாக நிற்கும், பூவும் குறையும். அசாம் பெடாஸுக்கு ஒரு மொக்குக்குமேல் யாருக்கு வேண்டும்?

(அடுத்த வாரம்: தரையோடு தரையாகப் பூக்கும் தெப்புஸ்)