இத்தாலியக் கரையோரம்: இருவராய் நான்கு நாட்கள்

"போட்டு வந்து எங்களுக்கு எல்லாம் சொல்லவேணும். ஆனால் அழுகிற கதை ஒண்டும் வேண்டாம். அது எங்களிட்டையே தேவைக்கு மேலை கிடக்கு."

நான் இத்தாலிக்குப் போகப்போகிறேன் என்று எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, குழுவின் மூத்த அம்மா ஒருவர் இட்ட கட்டளை இது. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. கணவரைத் தேடி அலைகிறவர்கள், நுண்கடன் கட்டி முடியாதவர்கள், தனித்து நின்று பிள்ளைகளை வளர்ப்பவர்கள் மத்தியில் இருந்துகொண்டு, "நானும் அவரும் சுற்றுலா போகிறோம்" என்று சொல்ல ஒரு சமூகப் பணியாளருக்கு இலகுவில் வாய் வராது. அவர்களோ கைதட்டிச் சிரித்தார்கள். ஒரு பிள்ளை தன் குடையைக்கூடத் தந்துவிட்டாள்.

கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், இத்தாலியின் ஜெனோவா நகரில் இருபத்திரண்டு வருடங்களாக வசிக்கிறார். அங்குள்ள எம்மவர் பலரையும் போல முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பதுதான் அவரது தொழில். 2025 மே மாதம் அவரது மகளின் கலியாணத்துக்காக எம்மை அழைத்திருந்தார். கலியாணம் முடிந்த மறுநாள் ஒரு கடித உறையைத் தம்பியின் கையில் வைத்தார். "கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து நீங்கள் ரண்டுபேரும் தனிய ஒரு இடமும் போகேல்லை. நாலு நாள் எங்கையாவது போட்டு வாங்கோ." உண்மைதான். 2012 இல் திருமணம் செய்தோம். அதன்பின் நாங்கள் சேர்ந்து சென்ற தூரப் பயணங்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கும் செத்தவீடுகளுக்கும்தான். பிள்ளைகள் ஊரில் அம்மாவிடம் நின்றார்கள். கிளம்பிவிட்டோம்.

ஜெனோவா பழம்பெரும் துறைமுக நகரம். கொலம்பஸ் பிறந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அங்கிருந்து கிழக்குப் பக்கமாகப் போனால் மலை நேரே கடலுக்குள் இறங்கும். வயல்வெளி, சமதரை என்று சொல்ல அதிகம் இல்லை. அந்த மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்களுக்குச் சேர்த்து 'சிங்குவே தெர்ரே', அதாவது 'ஐந்து நிலங்கள்' என்று பெயர். மொன்ரரோசோ, வெர்னாசா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே என்பவையே அவை. 1874 இல் புகையிரதப் பாதை திறக்கப்படும்வரை ஒற்றையடிப் பாதையாலும் வள்ளத்தாலும் மட்டுமே இங்கே வரமுடியும். 1997 இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபுரிமையாக அறிவித்தது. இன்று உலகம் முழுவதும் இருந்து சனம் வந்து நெரிபடுகிறது.

முதல் சிரிப்பு ஜெனோவாவிலேயே ஆரம்பித்தது. ஒலிவ் எண்ணெயும் உப்பும் ஊறிய தட்டையான பாண் ஒன்று அங்கே காலை உணவு. 'ஃபொக்காச்சா' என்பார்கள். பக்கத்து மேசைக்காரர் அந்த உப்புப் பாணைப் பால்கோப்பிக்குள் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். என் கணவருக்கு ஒரே புளுகம். "பாத்தீரே? நான் பிளேன்ரீக்குள்ளை பாண் தோய்க்கேக்கை நீர் என்ன பேச்சுப் பேசினனீர்! இஞ்சை பெரிய மனுசரே தோய்க்கினம்" என்று அன்றிலிருந்து நான்கு நாளும் எதைக் கண்டாலும் கோப்பிக்குள் தோய்த்தார்.

வெர்னாசாவில் இறங்குவதாகத்தான் திட்டம். மலையைக் குடைந்து போட்ட பாதை என்பதால் ரயில் பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே ஓடுகிறது. ஒரு வெளிச்சக் கீற்று, கொஞ்சம் கடல், மறுபடியும் இருட்டு. திடீரென்று சுரங்கத்துக்குள் ரயில் நின்றது. யன்னலுக்கு வெளியே கறுப்புச் சுவர். ஒரு நிமிடம் யாரும் கதைக்கவில்லை. என் கை தானாகவே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. கால்கள் மடங்கிக் குனியத் தயாராகின. மண்மூட்டை அடுக்கிய இருட்டுக்குள் 2009 இல் இருந்த உடம்பு, பதினாறு வருடம் கழிந்தும் தன் பாடத்தை மறக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய கையும் குளிர்ந்துதான் இருந்தது.

ரயில் மீண்டும் நகர்ந்தது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. வெர்னாசாவின் மேடை சிறியது. ரயில் நீளமானது. பின்பெட்டிகள் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். நாங்கள் இறங்கவேண்டிய இடத்தில்தான் ரயில் நின்றிருக்கிறது. தெரிந்தவர்கள் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பங்கருக்குள் இருப்பதுபோல் குந்தியிருந்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மேடையில் இறங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், நிற்கவே முடியவில்லை. அவரும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்த்துக் காரணமே தெரியாமல் தானும் சிரித்தாள்.

அந்த அடுத்த ஊர் கோர்னிலியா. ஐந்தில் இது ஒன்றுதான் கடலோரத்தில் இல்லாமல் மலை உச்சியில் இருக்கிறது. புகையிரத நிலையத்திலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள். "நீர் சிரிச்சதுக்குத் தண்டனை" என்றபடி இரண்டு பையையும் அவரே தூக்கினார். நூறாவது படியில் ஒன்றை என்னிடம் தந்துவிட்டார்.

மேலே நின்று பார்த்தபோதுதான் அந்த நாட்டின் உண்மையான அதிசயம் கண்ணில் பட்டது. மலை முழுவதும் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் சீமெந்தோ சாந்தோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சிறுசிறு பாத்திகளில் முந்திரிகைக் கொடி. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்து உழைப்பு. இவ்வாறு கல்லடுக்கும் கலையையும் 2018 இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. உல்லாசப் பயணிகள் கடலின் நீலத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர்களிலிருந்து கண் எடுபடவில்லை.

மனரோலாவில் நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் எழுபது கடந்த ஒரு பெண்மணி. அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். சுவர்களைப் பற்றிக் கேட்டேன். கல் அடுக்கியது ஆண்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அந்தக் கல்லையும் மண்ணையும் சுமந்தது யார் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். அவரது தாயும் பாட்டியும் அறுவடைக் காலத்தில் முந்திரிகைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள். ஒரு துணியை எடுத்து வளையமாகச் சுற்றித் தன் தலையில் வைத்தும் காட்டினார். சும்மாடு! எங்கள் ஆச்சிமார் விறகு சுமக்க வைத்த அதே சும்மாடு. இப்போது பழக்கூடைகளை ஏற்றியிறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சின்ன இயந்திரம் வந்துவிட்டது. அதைக் கண்டபோது தன் தாய் என்ன சொன்னாள் என்பதையும் அவர் சொன்னார்: "என் கழுத்து இருக்கும்போது இது எங்கே போயிருந்தது?"

நான் கொப்பியை எடுத்துக் குறிக்கத் தொடங்கினேன். எத்தனை வயதில் சுமக்கத் தொடங்கினார்கள், கூலி யார் கையில் போனது என்று கேள்வி நீண்டது. "இஞ்சையும் வந்து கேஸ் எடுக்கிறீரோ?" என்றார் கணவர். கொப்பியை மூடினேன். அன்றிரவு அந்த அம்மா எங்களுக்கு 'பெஸ்ரோ' இடிக்கக் கற்றுத் தந்தார். பளிங்குக் கல்லுரலில் பசில் இலை, உள்ளி, உப்பு, பைன் கொட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றை மர உலக்கையால் அரைத்து ஒலிவ் எண்ணெய் விட்டுக் குழைப்பது. பசில் எங்கள் துளசியின் இனத்தைச் சேர்ந்த செடி. "அம்மா அறிஞ்சால் கொல்லுவா. துளசியிலை சம்பல் அடிச்சுச் சாப்பிட்டனாங்கள் எண்டு சொல்லிப்போடாதையும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். வாசகியரே, நீங்களும் மாமியிடம் சொல்லிவிட வேண்டாம். கறிவேப்பிலையையும் கச்சானையும் வைத்து வீட்டில் செய்து பார்த்தேன். மோசமில்லை.

தவறவிட்ட வெர்னாசாவுக்கு மூன்றாம் நாள் போனோம். முன்பெட்டியில் ஏறி. சின்னத் துறை, தேவாலயம், வர்ண வீடுகள், ஐஸ்கிறீம் கடைகள். அதே தெருவில்தான் 2011 ஒக்ரோபர் 25 ஆம் திகதி சில மணித்தியாலங்களில் கொட்டிய மழை மலையின் சேற்றையும் கல்லையும் இழுத்துவந்து கடைகளை மூடியது. அந்த ஊரில் மூவர் இறந்தார்கள். சனத்தைக் கடல் வழியாக வெளியேற்றினார்கள். பயிர் செய்ய ஆளில்லாமல் கைவிடப்பட்ட பாத்திகளின் சுவர்கள் இடிந்ததும் அழிவுக்கு ஒரு காரணம் என்கிறார்கள். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டால் சுவரை யார் பார்ப்பது? ஐஸ்கிறீம் உருகிக் கையில் வழிந்ததால் இந்த யோசனை அதோடு நின்றது.

ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ஒரு பாதைக்குக் 'காதல் பாதை' என்றே பெயர். மலைச்சுவரில் வெட்டிய, ஏறத்தாழ 900 மீற்றர் நீளமான நடைபாதை. புகையிரத வேலைகளை ஒட்டி உண்டானது. பின்னர் இரண்டு ஊர் இளசுகளும் சந்திக்கும் இடமாகிவிட்டதாம். 2012 இல் பாறை விழுந்து பயணிகள் காயப்பட்டதால் மூடப்பட்டு, 2024 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. "நாங்கள் கலியாணம் முடிச்ச வருஷம் பூட்டினவங்கள். எங்களைப் பாத்துத்தான் பயந்திருக்கிறாங்கள்" என்றார் அவர். முன்கூட்டியே ரிக்கற் எடுத்துத்தான் போகவேண்டும். காசு கொடுத்துக் காதல் பாதையில் ஏறியவர் வழமைபோலப் பத்தடி முன்னால் நடக்கத் தொடங்கினார்! வீதியில் எங்கள் ஆண்கள் நடக்கும் அதே நடை. "இஞ்சாருங்கோ, இது கோயில் வீதி இல்லை" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். சோடி சோடியாய்ப் போகிறவர்களையும் பார்த்தார். வெட்கத்தோடு திரும்பி வந்து பக்கத்தில் நடந்தார். பக்கத்தில் நடந்தால் எவ்வளவு கதைக்கலாம் என்பது பதின்மூன்று வருடத்தின் பின்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளைப் பற்றியும் கடனைப் பற்றியும் அன்று நாங்கள் கதைக்கவில்லை.

அன்று மாலை மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "அது நல்ல வடிவான இடம் எண்டு சொல்லுவினம் பிள்ளை, நான் போனதில்லை" என்றார். ரயிலில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லாத தூரம். இருபத்திரண்டு வருடம். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. தொலைபேசியை வாங்கிய கணவர், "அக்கா, நாளைக்கு அரை நாள் லீவு எடுங்கோ. கமோலியிலை நிண்டு உங்களைக் கூட்டுறம்" என்றார். அவர் கேட்டு நான் கண்டதில்லை, அது கட்டளையாகவே இருந்தது.

கமோலி ஜெனோவாவுக்கு அண்மையில் இருக்கும் மீனவர் ஊர். அதன் பெயர் 'மனைவியரின் வீடுகள்' என்பதிலிருந்து வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன ஊர். ஆண்கள் எல்லோரும் கடலில், வீடுகளில் பெண்கள் மட்டும். ஐந்தாறு மாடி வீடுகளின் முகப்பில் உண்மையான யன்னல்களுக்கிடையே யன்னல் போலவே தீட்டிய ஓவியங்களும் உண்டு. எதற்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்ப்பாள், எதற்குள்ளிருந்து பார்க்கமாட்டாள் என்று கீழேயிருந்து சொல்ல முடியாது. ஊரின் மாதா கோயிலில் புயலில் அகப்பட்ட கப்பல்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. உயிர் தப்பி வந்தவர்கள் நேர்த்திக்கு வைத்தவை. "வராதவையின்ரை வீட்டுக்காரர் என்னத்தைக் கொண்டுவந்து வைச்சிருப்பினம்?" என்று மச்சாள் மெதுவாகக் கேட்டார். மூவரும் பேசாமல் வெளியே வந்தோம்.

குழுவின் அம்மா இதற்கு என்னை மன்னிக்கவேண்டும்.

வெளியே வந்தால் சுவரில் ஒரு தாச்சி! குறுக்களவு ஏறத்தாழ 4 மீற்றர் இருக்கும். கைபிடி அதைவிட நீளம். 1952 முதல் மே மாதத்தில் மீன் திருவிழா நடத்தி, இப்படிப்பட்ட தாச்சியில் மீன் பொரித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். பழைய தாச்சிகளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். மச்சாள் அதன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். "ஆர் மினுக்கிறது?" என்றார். அவ்வளவுதான். கடற்கரைவரை நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டே போனோம்.

கமோலியின் கரையில் மணல் இல்லை, கூழாங்கற்கள்தான். "இந்தக் கடலை இத்தனை வருஷமாய் பஸ் யன்னலுக்குள்ளாலை பாத்ததுதான்" என்றபடி மச்சாள் ஒரு செருப்பைக் கழற்றிக் காலை நனைத்துப் பார்த்தார். ஐந்து மணிக்கு அவரது தொலைபேசி ஒலித்தது. வேலை வீட்டு ஆச்சிக்கு மருந்து கொடுக்கும் நேரம். "இண்டைக்கு மகள்காரி குடுப்பா" என்று நிறுத்தினார்.

"தம்பி, அடுத்த ரயில் எத்தினை மணிக்கு?"

அவர் நேரத்தைச் சொன்னார்.

"அதுக்கு அடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே மச்சாள் மற்றச் செருப்பையும் கழற்றினார்.