மாற்று மருந்தும் தூக்க மாத்திரையும்

மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள ஹனூர், 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுக்காவிலும், பின்னர் மைசூர் மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. அங்கு வாழும் ஒருவர், அபின் வகைப் போதையினின்று மீள்வதற்காகப் பெங்களூரில் சிகிச்சை பெறுவதாகக் கொள்வோம். அவருக்கு அளிக்கப்படும் மாற்று மருந்து புப்ரினார்பின். தூக்கம் வராவிடின் அவர் நாடுவதோ உள்ளூர் வைத்தியரை. முன்னவர் கொடுத்த மருந்தைப் பின்னவர் அறியார். நோயாளியும் வெட்கத்தால் கூறுவதில்லை.

சுவாசத்தை நடத்தும் நரம்பு மையம் முகுளத்தில் உள்ளது. இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்தவுடன் அது மூச்சை விரைவுபடுத்தும். அபின் வகை மருந்துகள் இவ்வுணர்ச்சியை மழுங்கச் செய்கின்றன. புப்ரினார்பினுக்கு மட்டும் ஒரு சிறப்பு உண்டு: அளவை உயர்த்தினாலும், அது சுவாசத்தை அடக்குவது ஓர் எல்லையில் நின்றுவிடும். ஆனால் டயசிபாம், ஆல்பிரசோலம் முதலிய மாத்திரைகள் வேறொரு வழியாக, அதாவது ‘காபா’ என்னும் பொருளின் செயலைப் பெருக்கி, நரம்புகளை அடக்குபவை. இவை சேரும்போது அவ்வெல்லையை நம்புவதற்கில்லை. எல்லையே இல்லாத மெதடோனுடன் சேரின் அபாயம் இன்னும் அதிகம். மதுவும் இவ்வாறே.

பிரான்சு நாட்டில் 1996-இல் புப்ரினார்பின் சிகிச்சை பரவியது. தொடர்ந்து நேர்ந்த சில மரணங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவற்றில் பென்சோடயசிபீன் வகை மாத்திரையும் காணப்பட்டது. எனினும், அதே ஆண்டுகளில் ஹெராயின் மரணங்கள் அங்கு வெகுவாகக் குறைந்தன என்பதை மறத்தலாகாது.

ஆகவே, தூக்க மாத்திரை உண்பவருக்கு மாற்று மருந்தையே மறுத்துவிடுவது சரியன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016-இல் இச்சேர்க்கை பற்றிக் கடும் எச்சரிக்கை விடுத்தது. அடுத்த ஆண்டே, அதனைக் காரணமாக்கிச் சிகிச்சையை நிறுத்தலாகாது என்றும் விளக்கியது. சிகிச்சையின்றி விடப்பட்டவர் மீண்டும் ஹெராயினை நாடுவர் அன்றோ? நெடுநாள் உண்ட தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

வீட்டார் அறிய வேண்டியது ஒன்று. ஆழ்ந்த குறட்டையை நல்ல உறக்கமென்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். உதடு நீலம் பாய்ந்து, மூச்சு தளர்ந்து, தட்டியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் தரப்படும் நலாக்சோன் அபின் வகையின் வேகத்தையே மாற்றும். தூக்க மாத்திரையின் மயக்கத்தை மாற்றாது. எனவே உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.