பச்சோந்தி வளர்க்க ஆசையா? வாங்கும் முன் அறிய வேண்டிய சட்டமும் கூண்டு அமைப்பும்

புதுடெல்லி: நாய், பூனை, வண்ண மீன்கள் என்ற வரிசையில் அயல்நாட்டு ஊர்வனவும் இந்திய நகரங்களின் வீடுகளுக்குள் இடம்பிடித்து வருகின்றன. அவற்றுள் பலரின் கண்ணை முதலில் கவர்வது பச்சோந்தி. நிறம் மாறும் தோல், தனித்தனியே சுழலும் கண்கள், உடலைவிட நீளமாகப் பாய்ந்து இரையைப் பற்றும் நாக்கு ஆகியவற்றைச் சமூக ஊடகக் காணொளிகளில் கண்டு, உடனே ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று விரும்புவோர் பலர். ஆனால், வீட்டில் பராமரிப்பதற்கு மிகக் கடினமான ஊர்வனவற்றுள் ஒன்றாகவே பச்சோந்தி கருதப்படுகிறது. சட்டம் அறியாமல் வாங்குபவர் வழக்கில் சிக்கலாம். பராமரிப்பு அறியாமல் வாங்குபவரிடம் அந்த உயிர் சில வாரங்களிலேயே மடியலாம்.

எனவே முதன்முறையாகப் பச்சோந்தி வாங்க எண்ணுவோர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அதனைச் சட்டப்படி வைத்திருக்க முடியுமா? முடியும் எனில், அது நலமாக வாழத்தக்க கூண்டினை நம்மால் அமைக்க இயலுமா?

இந்தியப் பச்சோந்தியை வளர்க்கலாமா?

கூடாது என்பதே இதற்கான ஒரே விடை. உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஓர் இனம் மட்டுமே. தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களின் புதர்க்காடுகளிலும் தோட்டங்களிலும் இலங்கையிலும் காணப்படும் இந்தப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. அதனைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது ஆகிய அனைத்தும் குற்றமாகும். 'பண்ணையில் பிறந்தது', 'சாலையோரம் மீட்டெடுத்தது' என்று விற்பவர் கூறும் விளக்கங்கள் வாங்குபவரைக் காப்பாற்றா. வழியில் காயமுற்ற பச்சோந்தியைக் கண்டால் வனத்துறைக்குத் தகவல் தெரிவிப்பதே முறை.

பொதுமக்கள் பலர் வேலியோரத்து ஓணானையும் பச்சோந்தி என்றே அழைப்பதுண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். பச்சோந்தியை அதன் கால்களைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, கிளையைப் பற்றும் இடுக்கி போல் அமைந்திருக்கும். வால் சுருளும், நடை மெதுவாக இருக்கும். ஓணானுக்கு விரல்கள் தனித்தனியே விரிந்திருக்கும், அது விரைந்தோடும்.

அயல்நாட்டு இனங்களுக்கான விதி என்ன?

உலக அளவில் வீட்டு வளர்ப்புக்கென அதிகம் விற்கப்படுபவை மூன்று இனங்கள். ஏமன், சவூதி அரேபியாவைத் தாயகமாகக் கொண்ட வெய்ல்டு பச்சோந்தி, மடகாஸ்கரைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்தி, கென்யா, தான்சானியா மலைப்பகுதிகளைச் சேர்ந்த மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி ஆகியவை அவை. இம்மூன்றும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்ஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன.

இந்த உடன்படிக்கையை உள்நாட்டில் செயல்படுத்தும் நோக்கில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட பதிவு விதிகளின்படி, சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்போர் 'பரிவேஷ் 2.0' இணையதளம் வழியாக அதனைப் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தோருக்கு 6 மாத கால அவகாசம் அளிக்கப்பட்டது. புதிதாகப் பெறுவோர் 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், விலங்கு இறந்தாலும், பிறருக்குக் கைமாற்றினாலும் அதனையும் தெரிவிப்பது கட்டாயம்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கொண்டுவருவது இதனினும் கடினம். சைட்ஸ் அனுமதி, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் தடையில்லாச் சான்று, விலங்கு நோய்த்தடுப்புத் துறையின் அனுமதி ஆகியவை தேவை. இவையின்றிப் பயணப் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்படும் ஊர்வன சென்னை, மும்பை உள்ளிட்ட விமான நிலையங்களில் சுங்கத்துறையிடம் சிக்குவது வழக்கமாகிவிட்டது. வனவிலங்கு சட்டத்தின் பொதுவான விதிமீறலுக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. பதிவுச் சான்றையும் உரிமை மாற்ற ஆவணத்தையும்தான். 'பிறகு தருகிறேன்' என்பவரிடம் வாங்காமல் இருப்பதே நலம்.

எந்தப் பச்சோந்தியைத் தேர்ந்தெடுப்பது?

காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை பெரும்பாலும் குடற்புழுக்களுடனும் நீரிழப்புடனும் வந்து சேர்கின்றன. எனவே பண்ணையில் பிறந்து, குறைந்தது 3 மாதம் நிறைந்த குட்டியே முதன்முறை வளர்ப்போருக்கு ஏற்றது. சூழல் மாற்றங்களை ஓரளவு தாங்கும் வெய்ல்டு இனம் தொடக்க நிலையினருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் ஆண் வாலுடன் சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை வளரும். நல்ல பராமரிப்பில் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும்; பெண்ணின் ஆயுள் இதனினும் குறைவு.

பகலில் இரு கண்களும் முழுமையாகத் திறந்து புடைத்திருக்க வேண்டும். குழிந்த கண்கள் நீரிழப்பின் அடையாளம். பகலில் கண் மூடியிருப்பது நோயின் அடையாளம். கால்கள் வளைவின்றி, கிளையை உறுதியாகப் பற்ற வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விடுவதோ, வாயோரம் வீக்கம் இருப்பதோ கூடாது. இரை உண்பதை நேரில் கண்ட பின்னரே வாங்குவது பாதுகாப்பானது.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கூண்டினை முதலில் அமைத்து, ஒரு வாரம் விளக்குகளை இயக்கி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து சரிசெய்த பின்னரே பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கடையில் பச்சோந்தியையும் கூண்டையும் ஒரே நாளில் வாங்கிச் செல்வதே பெரும்பாலான இழப்புகளின் தொடக்கம்.

பச்சோந்தி மரவாழ் உயிரினம். எனவே கூண்டுக்கு அகலத்தைவிட உயரமே இன்றியமையாதது. வளர்ந்த ஆணுக்குக் குறைந்தது 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் தேவை. பெண்ணுக்கு 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம் போதுமானது. மீன்தொட்டி போன்ற மூடிய கண்ணாடிப் பெட்டியில் காற்று தேங்கி நுரையீரல் தொற்று ஏற்படும். வலையால் ஆன கூண்டே சென்னை, கொச்சி, மும்பை போன்ற ஈரமான கடலோர நகரங்களுக்கு ஏற்றது. குளிர்காலத்தில் வெப்பம் வெகுவாகக் குறையும் வட மாநிலங்களில் இரு பக்கங்களை மட்டும் மூடி, எஞ்சியவற்றை வலையாக விடலாம்.

கூண்டினுள் பல்வேறு தடிமன் கொண்ட கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். மறைந்துகொள்ள அடர்ந்த இலைகள் இன்றேல் பச்சோந்தி ஓயாத அச்சத்தில் வாழும். செம்பருத்தி, மணி பிளாண்ட், வெள்ளால் வகைச் செடிகள் ஆகியவற்றைத் தொட்டியுடன் வைக்கலாம். வெய்ல்டு பச்சோந்தி இலைகளையும் கடித்துத் தின்னும் என்பதால் அரளி, எருக்கு, குரோட்டன்ஸ் ஆகியவை அறவே கூடாது. நர்சரியில் வாங்கிய செடியை நன்கு கழுவி, பூச்சிமருந்து இல்லாத மண்ணுக்கு மாற்றிய பின்னரே உள்ளே வைக்க வேண்டும்.

ஒரு கூண்டில் ஒரு பச்சோந்தி மட்டுமே இருக்கலாம். மற்றொன்றைக் காண்பதே அதற்கு மன அழுத்தம் தரும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைக் கண்டுகூட அது சீறும். மனிதர் நடமாட்டம் குறைந்த இடத்தில், மேசை மீது உயர்த்திக் கூண்டை வைத்தல் நன்று.

ஒளியும் வெப்பமும்

பச்சோந்தியின் உடலில் வைட்டமின் டி3 உருவாகப் புற ஊதா 'பி' கதிர் தேவை. இது கிடைக்காவிட்டால் உணவில் உள்ள சுண்ணச்சத்து உடலில் சேராது, எலும்புகள் மென்மையாகி வளையும், தாடை தளரும், இறுதியில் கிளையைப் பற்றவும் இயலாது. கவனிக்கப்படாத வளர்ப்புப் பச்சோந்திகளை அதிகம் வாட்டும் நோய் இதுவே. சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், சன்னலோரம் கூண்டை வைப்பது தீர்வாகாது. ஊர்வனவற்றுக்கென உள்ள நீள்வடிவ 'டி5' குழல் விளக்கைக் கூண்டின் மேல் பொருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியவிட வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிரின் வலிமை குறைந்துவிடும் என்பதால் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம்.

கூண்டின் மேல்மூலையில் வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், கீழ்ப்பகுதியில் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தைப் பச்சோந்தியே தேடிக்கொள்ளும். வெப்ப விளக்கை உடல் தொடாதவாறு கூண்டுக்கு வெளியே பொருத்த வேண்டும். இரவில் ஒளியும் வேண்டாம்; வெப்ப விளக்கும் வேண்டாம்.

இந்தியக் கோடையில் அச்சுறுத்துவது குளிரன்று, வெப்பமே. அறை வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டும் நாள்களில் வெப்ப விளக்கை அணைத்து, அறையைக் குளிர்விக்க வேண்டும். நீண்ட மின்வெட்டு ஏற்படும் பகுதியில் வசிப்போர் இதற்கான மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வது அவசியம்.

நீரும் உணவும்

கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பொதுவாக அருந்தாது. இலைகளில் படியும் துளிகளையே நக்கிக் குடிக்கும். விடியற்காலையிலும் இரவு தொடங்கும்போதும் செடிகள் நன்கு நனையுமாறு நீர் தெளிக்க வேண்டும். பகலில் சொட்டு நீர்க்குழாய் ஒன்றை இலைமீது விழுமாறு அமைக்கலாம். இரு தெளிப்புகளுக்கு இடையே கூண்டு உலர்ந்துவிட வேண்டும். எப்போதும் ஈரமாக இருப்பின் பூஞ்சையும் நுரையீரல் தொற்றும் ஏற்படும்.

உயிருள்ள பூச்சிகளே முதன்மை உணவு. கிரிக்கெட் பூச்சி, வளர்ப்புக் கரப்பான், பட்டுப்புழு ஆகியவற்றை மாற்றி மாற்றித் தரலாம். குட்டிகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு போதும். இரையின் நீளம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. பூச்சிகளுக்கு முதல் நாளே கீரையும் காய்கறியும் ஊட்டி, டி3 கலக்காத சுண்ணச்சத்துத் தூளைத் தூவித் தர வேண்டும். டி3 கலந்த தூளும் வைட்டமின் கலவையும் மாதம் இருமுறை போதும். மிகுந்தால் அவையே தீங்காகும். பூச்சிமருந்து தெளித்த தோட்டப் பூச்சிகளையும் நச்சுத்தன்மை கொண்ட மின்மினிகளையும் தவிர்க்க வேண்டும்.

பெண் பச்சோந்தி வாங்குவோர் கவனத்துக்கு

வெய்ல்டு இனப் பெண், ஆணுடன் சேராமலேயே முட்டையிடும். ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இருக்கலாம். தோண்டி முட்டையிட ஈரமணல் கிடைக்காவிட்டால் முட்டைகள் உடலுக்குள்ளேயே தங்கி உயிரைப் பறிக்கும். சுமார் 30 செ.மீ. ஆழமுள்ள ஈரமணல் தொட்டி ஒன்று கூண்டினுள் எப்போதும் இருக்க வேண்டும். முதன்முறை வளர்ப்போருக்கு ஆணே எளிது என்று கூறப்படுவது இதனால்தான்.

நிறம் மாறுவது எதற்காக?

பின்புலத்துடன் கலந்து மறைவதற்காகவே பச்சோந்தி நிறம் மாறுகிறது என்ற நம்பிக்கை முழுமையானதன்று. தோலில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் எதிரொளிக்கும் நிறமும் மாறுகிறது என்பதைப் பாந்தர் பச்சோந்தியிடம் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தனர். எதிரியை எச்சரிக்கவும், இணையை ஈர்க்கவும், உடல் வெப்பத்தைச் சீராக்கவும் நிறம் உதவுகிறது. வளர்ப்பவருக்கு இது ஒரு மொழி. கையில் எடுத்தவுடன் அது கருத்தாலோ, சீறினாலோ, மகிழ்ச்சி என்று எண்ணி விடக் கூடாது. அச்சத்தின் அடையாளம் அது. பச்சோந்தி கொஞ்சி விளையாடுவதற்கான விலங்கன்று. தொலைவிலிருந்து பார்த்து மகிழ்வதற்கானது.

குடும்பத்தினரின் பாதுகாப்பு

ஊர்வனவற்றின் உடலிலும் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கூண்டைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கூண்டுப் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் உள்ள வீடுகளில் ஊர்வன வளர்ப்பைத் தவிர்ப்பது நல்லது. ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லா ஊர்களிலும் இல்லை. அருகில் அத்தகையவர் இருக்கிறாரா என்பதையும் வாங்கும் முன்பே உறுதி செய்ய வேண்டும்.

வளர்க்க இயலாமல் போனால்?

வெளியே விட்டுவிடுவது எக்காரணம் கொண்டும் கூடாது. வளர்ப்பு வணிகத்துக்காக 1972-இல் ஹவாய் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஜாக்சன் பச்சோந்திகள் அங்கு இயற்கையில் பரவி, உள்ளூர்ப் பூச்சிகளையும் நத்தைகளையும் இரையாக்கி வருகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெய்ல்டு பச்சோந்தியும் இவ்வாறே பெருகியுள்ளது. பராமரிக்க முடியாத நிலையில், உரிய பதிவு மாற்றத்துடன் தகுதியுள்ள மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம்; அல்லது வனத்துறையை அணுகலாம்.

ஆவணம், கூண்டு, விளக்கு, மருத்துவர் ஆகிய நான்கும் உறுதியான பின்னரே பச்சோந்தியை வாங்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவதே அந்த உயிருக்கும், வாங்குபவருக்கும் நன்மை பயக்கும்.