அன்னிய தேசத்து உபாத்தியாயர்

பிறதேசம் சென்று உபாத்தியாயத் தொழில் புரிவோருக்குப் பள்ளிக்கூடங்கள் இரண்டு. ஒன்றில் அவர் போதிக்கிறார். மற்றொன்றில் அவரே மாணாக்கர். மாலை மணி அடித்ததும் முதற் பள்ளி முடிந்துவிடுகிறது. உறையும் வீடு, உண்ணும் உணவு, செல்லும் வழி ஆகிய இவற்றாலாகிய இரண்டாவது பள்ளிக்கோ விடுமுறையே கிடையாது. அதில் தேறாதவர் எத்துணைப் புலமையுடையவராயினும் அன்னியராகவே வந்து அன்னியராகவே திரும்புவார். இதற்கு ஜப்பானில் பணிபுரிந்த லஃப்காடியோ ஹெர்னின் சரித்திரத்தினும் சிறந்த சான்றை நாம் அறியோம். அச்சரித்திரம் உபாத்தியாயருக்கு மட்டுமன்றி, அவரை வரவழைக்கும் தேசத்துக்கும் ஒரு பாடமாகும்.

1868-ம் வருஷத்தில் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின், ஜப்பானியர் மேனாட்டுக் கல்வியைப் பெறத் தீர்மானித்தனர். அதற்காகப் பிறதேசத்தாரைத் தவணை குறித்து, சம்பளம் பேசி, ஒப்பந்தம் எழுதி அமர்த்தினர். 1871-ல் ஃபுக்குயி என்னும் ஊருக்கு ரசாயனம் கற்பிக்கச் சென்ற அமெரிக்கரான கிரிஃபிஸ் அவர்களுள் ஒருவர். வந்தவர்கள் ஆசான்களே, ஆனால் எஜமானர்கள் அல்லர். இந்த வேற்றுமையை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

ஹெர்ன் 1850-ல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகைத் தொழில் செய்தவர். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். 1890-ம் வருஷம் ஏப்ரல் மாதம் யோக்கஹாமா வந்திறங்கிய அவருக்கு, மத்சுயே என்னும் ஊரின் பள்ளிகளில் ஆங்கில உபாத்தியாயர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் 100 யென். ஊர்போய்ச் சேர நேர் ரயில் இல்லை. மலைகளைக் கடந்து நான்கு நாள் மனிதர் இழுக்கும் வண்டியில் பிரயாணம் செய்தார். விரைந்து சென்றிருந்தால் ஊரை மட்டும் கண்டிருப்பார். மெல்லச் சென்றமையால் தேசத்தைக் கண்டார். வழியிற் கண்ட கிராமங்களையும் விழாக்களையும் அவர் எழுதியவை இன்றும் படிக்கப்படுகின்றன.

மத்சுயேயில் அவர் பாயில் அமர்ந்தார். ஜப்பானிய உடை தரித்தார். கோட்டை அகழிக்கருகே பழைய போர்வீரர் குடும்பமொன்றின் வீட்டில் வசித்தார். அவ்வீடு இன்றும் பேணப்படுகிறது. ஆயினும் எல்லாம் இனிதாயிருந்தன என்று சொல்வதற்கில்லை. கடுங்குளிரில் காகிதக் கதவுகளும் ஒரு கரிச்சட்டி நெருப்பும் போதாமல் நோயுற்றார். பல மாதங்கள் சோறும் மீனுமாக ஜப்பானிய உணவே உண்டிருந்தவர், உடல் தளர்ந்தபின் இறைச்சிக்கு மீண்டார். அதனை அவர் மறைக்கவுமில்லை. ஜப்பானிய உணவை இகழவுமில்லை. தம் வயிற்றின் குறையைப் பிறர் அடுக்களையின்மேல் ஏற்றாமையே பிறதேசம் செல்வோருக்கு வேண்டிய முதற் பண்பு என்பது நமது அபிப்பிராயம்.

அதன் பயன் யாது? 1891 நவம்பரில் அவர் குமமோட்டோவுக்கு மாற்றலாகிச் சென்றபோது, மாணாக்கர் ஏறத்தாழ இருநூறு பேர் விடியற்காலையில் திரண்டு படகுத்துறை வரை உடன் நடந்தனர். வந்து ஓராண்டும் சில மாதங்களுமே ஆன ஒருவருக்குக் கிடைத்த மரியாதை இது. சம்பளத்தால் இதனைப் பெற இயலாது.

அவர் கோயிசுமி செத்ஸு என்னும் ஜப்பானியப் பெண்ணை மணந்தார். தம் மனைவியும் மகனும் ஜப்பானியப் பிரஜைகளாகவே நின்று, தமக்குப்பின் உரிமை இழவாதிருக்க வேண்டுமெனக் கருதி, 1896-ல் தாமே ஜப்பானியப் பிரஜையாகி, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுக் கோயிசுமி யாக்குமோ ஆனார். அவ்வாண்டே டோக்கியோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் போதிக்க அமர்ந்தார். ஆனால் 1903-ல் அப்பதவி நீடிக்கப்படவில்லை. மாணாக்கர் கிளர்ச்சி செய்தனர், பயனில்லை. அவருக்குப்பின் வந்தவர்களுள் ஒருவர், அரசாங்கச் செலவில் இங்கிலாந்து சென்று கற்று மீண்ட நாத்சுமே சோசெகி. மறு வருஷம், 1904 செப்டம்பரில், ஹெர்ன் காலமானார்.

இது நியாயமா? வழக்கறிஞர் இருதரப்பையும் கேட்கவேண்டும். தன் மக்களுக்குத் தன் மக்களே போதிக்க வேண்டுமென ஒரு தேசம் விரும்புவது குற்றமன்று. அதற்கெனவே அன்னிய ஆசிரியர் வரவழைக்கப்பட்டனர். சோசெகி பின்னர் ஜப்பானின் தலைசிறந்த நாவலாசிரியராய் விளங்கியது உலகறிந்தது. ஆயின் ஹெர்ன் அப்போது அன்னியரா? தேசத்தின் பெயரையும் குடியையும் ஏற்றவரைத் தவணை முடிந்த கூலியாளாக நடத்தியது, செய்த காரியத்தின் குற்றமன்று. செய்த முறையின் குற்றம் என்பதே நமது தீர்ப்பு. உபாத்தியாயரை மாற்றலாம்; உபகாரத்தை மறக்கலாகாது.

ஜப்பான் அவ்வழக்கத்தை முற்றிலும் கைவிடவில்லை. 1987-ல் நான்கு தேசங்களிலிருந்து 848 இளைஞரை வரவழைத்துப் புதிய திட்டமொன்றைத் தொடங்கிற்று. அவருட் பெரும்பாலார், இன்றும் அத்திட்டத்தின்கீழ் வருவோரைப் போலவே, வகுப்பில் ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாளர். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. உச்சவரம்பு ஐந்து வருஷம். சுக்கான் உள்நாட்டார் கையிலேயே இருக்கிறது. பள்ளிகளில் மாணாக்கர் வெள்ளை அங்கி அணிந்து தாமே மதிய உணவு பரிமாறுவது அந்நாட்டு வழக்கம். அவர்களோடு அமர்ந்து, அதே சோற்றையும் அதே குழம்பையும் உண்ணும் அன்னிய இளைஞர், பாடப்புத்தகத்தில் இல்லாத பாடத்தைக் கற்கிறார், கற்பிக்கவும் செய்கிறார்.

பிறதேசத்தில் போதிக்கச் செல்லும் நம் இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தபின் கையொப்பமிடுங்கள். அது உங்கள் உரிமை. பின்னர் அவ்வூரார் இடும் உணவை முகஞ்சுளியாது உண்ணுங்கள்; அது உங்கள் கடமை. அங்ஙனம் செய்தால், நீங்கள் திரும்பும் நாளில் உங்களுடன் படகுத்துறை வரை நடக்கச் சிலரேனும் இருப்பர்.