கடைசி ஆளாக வந்த ஓட்டக்காரரைத் தெரியுமா?

1979 செப்டம்பர். கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் ஓர் ஓட்டப் பந்தயம். தூரம் சுமார் 27 கி.மீ. நம்மூர் ஓட்டக்காரர்கள் ‘ஹாஃப்’ என்று சொல்கிறார்களே, அந்த அரை மாரத்தானைவிடக் கொஞ்சம் நீளம். எல்லாரும் ஓடி முடித்தாயிற்று. கடைசிக்கு முந்தைய ஆளும் வந்து சேர்ந்து பத்து நிமிடம் ஆன பிறகு ஓர் இளைஞர் வருகிறார். இடது காலில் இரண்டு எட்டு, வலது காலில் ஒரு எட்டு என்று தத்தித் தத்தி ஓடி வருகிறார். வலது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்தாயிற்று. மாட்டியிருப்பது செயற்கைக் கால். பார்த்தவர்கள் அழுதுகொண்டே கைதட்டினார்களாம். பெயர் டெர்ரி ஃபாக்ஸ், வயது 21. இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? அவருக்கு அது வெறும் ஒத்திகை!

ஆமாம், ஒத்திகைதான். ஒரு மாரத்தான் ஓடப் போவதாகத்தான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். மனசுக்குள் ஓடிய கணக்கே வேறு. அட்லாண்டிக் கரையில் தொடங்கிப் பசிபிக் கரை வரைக்கும், கனடா தேசம் முழுவதையும் ஓடியே கடப்பது; வழியெல்லாம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது. பிரின்ஸ் ஜார்ஜை முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். உனக்கென்ன பைத்தியமா என்று அம்மா பெட்டி சத்தம் போட்டார். அப்பா ரோலி கேட்டது ஒரே கேள்வி: “எப்போது?” (சில அப்பாக்கள் இப்படித்தான், ஒரே வார்த்தையில் அசத்திவிடுவார்கள்!)

இந்த எண்ணம் எங்கே முளைத்தது தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில்! 1977 மார்ச்சில் எலும்புப் புற்றுக்காகக் காலை எடுப்பதற்கு முந்தின நாள் இரவு, டெர்ரியின் பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு 1976ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் ட்ராம் என்பவரைப் பற்றிய கட்டுரை. விடிந்தால் காலே இருக்காது. அந்த நேரத்தில் ஓட்டப் பந்தயக் கட்டுரை!

பயிற்சியைக் கேட்டால் தலை சுற்றும். ஏறக்குறைய 15 மாதத்தில் 5,000 கி.மீ.க்கு மேல் ஓடிப் பழகினார். நாடு கடக்கும் ஓட்டத்தில் கடைசியில் அவர் ஓடிய மொத்தத் தூரம் 5,373 கி.மீ. அதாவது பயிற்சியும் நிஜ ஓட்டமும் கிட்டத்தட்ட ஒரே நீளம்! தினமும் 23 மைல், அதாவது 37 கி.மீ., ஓடுகிற அளவுக்கு வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் லீவு. அதுவும் அம்மா கேட்டுக்கொண்டதால். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் நடந்ததைக் கேளுங்கள். அரை மைல்தான் ஓடியிருப்பார், செயற்கைக் காலின் கீழ்ப்பாதி படாரென்று இரண்டாக ஒடிந்து தெருவில் விழுந்தது. நாமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்போம். டெர்ரி இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டார், வழியில் வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வீட்டுக்குப் போனார், துண்டுகளைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார், மறுபடி இறங்கி இன்னும் ஐந்து மைல் ஓடினார்!

1980 ஏப்ரல் 12, நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரம். செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு புட்டியில் கடல் நீரையும் பிடித்துக்கொண்டார். ஒன்று தனக்கு, இன்னொன்று மறுகரையில் பசிபிக்கில் ஊற்ற. பின்னால் வேனை ஓட்டி வந்தவர் நண்பர் டக் ஆல்வர்ட். முதல் நாட்களிலேயே புயற்காற்று, மழை, பனி என்று எல்லாம் சேர்ந்து வரவேற்றன. ஊர்களில் கண்டுகொள்ள ஆளில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்னத் துறைமுக ஊருக்கு வந்ததும்தான் நிலைமை மாறியது. ஊரில் மொத்தம் சுமார் 10,000 பேர். திரட்டித் தந்த பணம் 10,000 டாலருக்கு மேல்! ஆளுக்கு ஒரு டாலர்! பிற்பாடு டெர்ரி கனடா முழுவதற்கும் வைத்த இலக்கும் இதே கணக்குத்தான்.

ஃபோர் சீசன்ஸ் ஓட்டல்காரர் இசடோர் ஷார்ப் கதை தெரியுமா? மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டெர்ரி ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 2 டாலர் என்று முதல் ஆளாக அறிவித்து, மற்ற நிறுவனங்களையும் உள்ளே இழுத்துப் போட்டார். டெர்ரியோ ஒரு விஷயத்தில் படு கண்டிப்பு: பணம் தரலாம், ஆனால் என் ஓட்டத்தை வைத்து யாரும் விளம்பரம் தேடக்கூடாது. இன்றைக்குப் பனியன் முழுக்க லோகோவோடு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

143 நாள் ஓடினார். சராசரி போட்டுப் பாருங்கள், நாளொன்றுக்கு 37 கி.மீ.க்கு மேல்! 1980 செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு வெளியே நெஞ்சு வலியும் இருமலும் நிறுத்திவிட்டன. புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை சேர்ந்திருந்தது 17 லட்சம் டாலர். அடுத்த வாரமே தொலைக்காட்சியில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஒரு கோடிக்கு மேல் கொட்டியது. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலர். அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் அதேதான். ஆளுக்கு ஒரு டாலர், நிறைவேறிவிட்டது!

இனி வருவதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டெர்ரி இறந்த தேதி 1981 ஜூன் 28. அதே 1981 ஜூன் 28 அன்று, கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில், உலகின் மிகப் பெரிய அரை மாரத்தான்களில் ஒன்றாக வளரப் போகும் ‘கிரேட் நார்த் ரன்’ முதல் முறையாக நடந்தது! ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. நாள்காட்டி செய்த வேலை.

கிரேட் நார்த் ரன்னைத் தொடங்கியவர் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெண்கலம் வென்ற பிரெண்டன் ஃபாஸ்டர். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஊரே திரண்டு ஓடும் ஒரு பந்தயத்தைப் பார்த்துவிட்டு, இதை நம்ம ஊரிலும் நடத்தினால் என்ன என்று கிளம்பிவிட்டார். நியூகாசிலில் தொடங்கி, டைன் பாலத்தைத் தாண்டி, சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடியும். முதல் வருடம் ஓடியவர்கள் சுமார் 12,000 பேர். 2014இல் பத்து லட்சமாவது ஆள் எல்லைக்கோட்டைத் தொட்டார். இப்படியொரு எண்ணிக்கையை எட்டிய முதல் ஓட்டம் உலகிலேயே அதுதான்! அதே 2014 தொடங்கி 2019 வரை தொடர்ந்து ஆறு வருடம் ஜெயித்தவர் மோ ஃபாரா. ஆனால் அவருக்குப் பின்னால் ஓடும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு ஜெயிப்பது கவலையே இல்லை. ஏதோ ஒரு மருத்துவமனை, ஏதோ ஓர் ஆராய்ச்சி நிதி, இறந்துபோன அம்மாவின் பெயர் அச்சடித்த பனியன். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் ஒருவர் “ஓகி ஓகி ஓகி” என்று குரல் கொடுக்க, ஆயிரம் தொண்டைகள் “ஓய் ஓய் ஓய்” என்று எதிரொலிக்கும்!

சரி, அரை மாரத்தான் ஏன் 21.0975 கி.மீ. என்று குடைச்சலான எண்ணில் நிற்கிறது? எல்லாம் ராஜ குடும்பத்தின் உபயம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தானை விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் அமர்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடித்தார்கள். அந்தத் தூரம் 42.195 கி.மீ. 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் பாதிதான் நம் தலையில் விழுந்தது. 21 கி.மீ. முடித்து நாக்கு வெளியே தள்ளும்போது மிச்சமிருக்கும் அந்த 97.5 மீட்டருக்கு யாரைத் திட்டுவது என்று இப்போது தெரிந்ததா?

நிதி திரட்டும் பெரிய ஓட்டங்களுக்குத் தயாராகிறவர்கள் நடுவில் ஒரு ‘ஹாஃப்’ ஓடிப் பார்ப்பதற்கும் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவு. 70 கிலோ ஆளுக்கு அரை மாரத்தானுக்குச் சுமார் 1,500 கலோரி, முழுசுக்கு 3,000. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜெனாகச் சேர்ந்திருப்பதோ சுமார் 2,000 கலோரிதான். பாதித் தூரத்துக்குக் கையிருப்பு தாங்கும். முழுத் தூரத்துக்குத் தாங்காது! 30 கி.மீ. வாக்கில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுவது இதனால்தான். ஆகவே பெரிய நாளுக்கு நாலைந்து வாரம் முன்னால் ஒரு ஹாஃப்: ஷூ கடிக்கிறதா, காலையில் தின்றது வயிற்றில் நிற்கிறதா, ஆரம்ப ஜோரில் வேகத்தைக் கூட்டித் தொலைக்கிறோமா, எல்லாம் அன்றே தெரிந்துவிடும். உடம்பும் சீக்கிரம் தேறிக்கொள்ளும்.

பயிற்சி என்றதும் ஃபௌஜா சிங் தாத்தாவை விடமுடியாது. 2000ஆம் ஆண்டு, 89 வயதில், லண்டன் மாரத்தானில் குறைமாதக் குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்காக ஓடினார். இத்தனை மூத்த ஓட்டக்காரர், உலகின் மிகச் சின்ன உயிர்களுக்காக! முதல் நாள் பயிற்சிக்குக் கோட்டு, வெயிஸ்ட்கோட்டு சகிதம் முழு சூட்டில் வந்து நின்றார் என்பார்கள். மாரத்தான் என்றால் 26 கி.மீ. என்று நினைத்திருந்தாராம், 26 மைல் என்று தெரிந்த பிறகுதான் பயிற்சி சூடுபிடித்ததாம்! 2011இல் டொராண்டோவில் நூறு வயதில் முழு மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய பஞ்சாப் கிராமத்தில் சான்றிதழுக்கு எங்கே போவது?

லாய்ட் ஸ்காட் இன்னொரு ரகம். ரத்தப் புற்றிலிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் பிழைத்தவர். 2002 லண்டன் மாரத்தானை, உலோகத் தலைக்கவசம் வைத்த பழங்கால ஆழ்கடல் மூழ்காளர் உடையில் கடந்தார். எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நாள், எட்டு மணி நேரத்துக்கு மேல்! போதவில்லை என்று அடுத்த வருடம் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்கு அடியிலேயே ஒரு மாரத்தான் போனார்.

2020 டிசம்பரில் முன்னாள் ரக்பி வீரர் கெவின் சின்ஃபீல்ட் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். நரம்பியக்க நோயில் முடங்கிய தன் அணித் தோழர் ராப் பரோவுக்காக. பரோவின் சட்டை எண் 7, ஆகவே இலக்கு 77,777 பவுண்டு. வந்தது 20 லட்சத்துக்கு மேல்! 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில் சக்கர நாற்காலியில் நண்பரைத் தள்ளிக்கொண்டே ஓடி, எல்லைக்கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்.

லண்டன் மாரத்தானில் 2019இல் ஒரே நாள் ஓட்டத்துக்காகத் திரண்ட அறப்பணம் 6 கோடியே 64 லட்சம் பவுண்டு. அம்மாடி! கோப்பை வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பணத்தைக் கொண்டுவந்தது பின்னால் நொண்டி நொண்டி வந்த கூட்டம்.

டெர்ரி பெயரால் 1981 செப்டம்பரில் தொடங்கிய ஓட்டத்தில் முதல் வருடமே மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அதில் முதலிடமும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. நடக்கலாம், ஓடலாம், சைக்கிளில் வரலாம். இதுவரை சேர்ந்தது 80 கோடி கனடா டாலருக்கும் மேல். சென்னையிலும் ஐஐடி வளாகத்து மரநிழலில் இந்த ஓட்டம் நடந்திருக்கிறது, தெரியுமா?

கடைசியாக ஒரு கூத்து. 2025 கிரேட் நார்த் ரன்னில் ஓடி முடித்தவர்கள் பதக்கத்தை ஆசையாகத் திருப்பிப் பார்த்தால், வரைபடத்தில் இருந்தது நியூகாசிலின் டைன் ஆறு இல்லை. பக்கத்து சன்டர்லண்டின் வியர் ஆறு! இந்த இரண்டு ஊருக்கும் கால்பந்தில் ஏழாம் பொருத்தம் வேறு. பனியனிலும் அதே படம். இத்தனை பேர் பார்த்து அச்சடித்ததில் ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை?