‘அரைத் தேர்ச்சி’த் தொழிலாளி

புதிய கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்ட நாள் பார்க்கிறோம். திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டுகிறோம். திறந்து வைத்த கனவானின் பெயரைச் சலவைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதிக்கிறோம். இவையெல்லாம் முறையே. ஆனால், விழா முடிந்த மறுநாள் முதல் அக்கட்டடத்தை வெயிலினின்றும் மழையினின்றும் காத்து நிற்பவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நகரசபைகளிலும் பஞ்சாயத்துகளிலும் கட்டடப் பராமரிப்பு வேலை செய்யும் தொழிலாளியைப் பற்றியே இன்று எழுத முற்பட்டோம். அவர் கொத்தனார் அல்லர், சித்தாளும் அல்லர். சர்க்காரின் கூலி அட்டவணைகள் அவரை ‘அரைத் தேர்ச்சி’ பெற்றவர் என்று இருவருக்கும் நடுவில் நிறுத்துகின்றன. 2019-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும், தேர்ச்சியற்றவர், அரைத் தேர்ச்சியுடையவர், தேர்ச்சி பெற்றவர், மிகு தேர்ச்சி பெற்றவர் என்று தொழிலாளரை நால்வகையாகவே பகுக்கிறது. கூலியை நிர்ணயிக்க ஏதேனும் ஒரு பகுப்பு வேண்டியதுதான். ஆனால் ‘அரை’ என்னும் அடைமொழி கூலிப் பட்டியலை விட்டு வெளியேறி, அம்மனிதரின் அறிவுக்கே அளவுகோலாகிவிட்டது. இதைத்தான் நாம் மறுக்கிறோம்.

அவர் செய்யும் வேலையைச் சற்றுப் பார்ப்போம். ஐப்பசி மழை தொடங்குமுன் பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் ஏறி, மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கும் சருகை அவர் அகற்றுகிறார். ஒரு கூடைச் சருகுதான். ஆனால் அது அங்கேயே கிடந்தால் மாடியில் நீர் தேங்கும். தேங்கிய நீர் உள்ளே கசியும். கசிந்த நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவேறச் செய்யும். துருவேறிய இரும்பு பருக்கும்; பருத்த கம்பி தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வகுப்பறையில் குழந்தைகளின் தலைக்கு மேல் காரை பெயர்ந்து விழுவது பெரும்பாலும் இவ்வாறுதான். ஒரு கூடைச் சருகை உரிய காலத்தில் அள்ளியவர், ஒரு கூரையைக் காப்பாற்றியவராகிறார்.

சுவர்ப் பூச்சைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே உள்ளே பொள்ளல் விழுந்திருக்கிறதா என்று அவர் கண்டுகொள்கிறார். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கிறார். சில வாரங்களில் அது உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறதென்று பொருள். அதை மேற்பூச்சால் மறைக்கலாகாது, எஞ்சினீயருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பறவையின் எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்றைக் கிள்ளி எறிந்தால் அது முன்னிலும் தடித்து வளரும். வேரோடு எடுத்தால்தான் சுவர் பிழைக்கும். சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய பழைய சுவர்மீது சிமெண்டை அப்பினால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் அரித்துப்போகும். இவற்றையும் அவர் அறிவார். ஒழுகும் குழாய், கழன்ற கதவுக் கீல், அடைத்த கழிப்பறை, கழுவ வேண்டிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் தலையில்தான். கொத்து வேலை, தச்சு வேலை, குழாய் வேலை மூன்றிலும் கைவைக்கக் கூடியவரை ‘அரை’ என்பது என்ன கணக்கு? மூன்று அரை ஒன்றரை என்பதல்லவா திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு!

இது வெறும் மரியாதைப் பிரச்னை அன்று, உயிர்ப் பிரச்னை. 2021 டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர் மூவர் மாண்டனர். அதன் பின்னரே மாகாணமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து இடிக்கும் வேலை மும்முரமாயிற்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த பின் வரும் சோதனை யாருக்கு ஆறுதல்? சுவர்களை நாள்தோறும் தட்டிப் பார்க்க ஒருவர் இருப்பதும், அவர் சொல்லைக் கேட்க ஓர் உத்தியோகஸ்தர் இருப்பதுமே மெய்யான பாதுகாப்பு.

இவ்வளவு பொறுப்பைச் சுமப்பவரின் நிலைமையோ பரிதாபத்துக்குரியது. பல ஸ்தாபனங்களில் அவர் தினக் கூலியாகவோ, காண்டிராக்டரின் ஆளாகவோ இருக்கிறார். காண்டிராக்டர் கூலி கொடாமற்போனால் வேலை வாங்கிய ஸ்தாபனமே கொடுக்க வேண்டுமென்று 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால், காண்டிராக்ட் மாறும்போது ஆளும் மாறினால், அவரோடு போய்விடும் அறிவுக்கு எந்தச் சட்டம் ஈடு செய்யும்? எந்த மூலையில் ஒழுக்கு, எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. புதிதாக வருபவர் சுவரை உடைத்துத்தான் அதைக் கற்க வேண்டும்.

“நகரசபையில் பணமில்லை” என்பார்கள். பராமரிப்பைத் தள்ளிப் போடுவதால் செலவு குறைவதில்லை, வட்டியோடு பெருகுகிறது. சருகு அள்ளக் கொடுக்க மறுத்த கூலியைக் கூரையை மாற்றும்போது பல மடங்காகக் கொடுக்கிறோம்.

நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் ஒரு பழுதுப் புத்தகம் வேண்டும். தொழிலாளி கண்ட குறையும், அதைத் தீர்த்த தேதியும் அதில் ஏற வேண்டும். பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்தை வேறு இனத்துக்குத் திருப்பலாகாது. பல வருஷம் உழைத்தவருக்குச் சோதனை வைத்து முழுத் தேர்ச்சி வழங்கி நிரந்தரமாக்குவதோடு, உறுதியான ஏணியும் இடுப்பு வாரும் கையுறையும் கொடுக்க வேண்டும்.

சென்னையில் 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையைக் கட்டிய காண்டிராக்டர் லோகநாத முதலியார் என்று சரித்திரம் சொல்கிறது. நூறு வருஷங்களுக்கு மேலாக அதன் ஒழுக்கை அடைத்தவர்களின் பெயரைச் சொல்வார் இல்லை. 1882-ல் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்ட ரிப்பன் பிரபுவின் பெயரையே அம்மாளிகை தாங்கி நிற்கிறது. சுயாட்சி என்பது ஓட்டுப் பெட்டியோடு முடிவதன்று. நம்முடைய சுவரை நாமே பார்த்துக்கொள்வதும், அதைப் பார்ப்பவரை நாம் பார்த்துக்கொள்வதும் அதில் அடக்கம். அடுத்த மழைக்கு முன்பே நகரசபைகள் இதைக் கவனிக்குமாக!